பிள்ளை விழுந்தால் கழுத்தில் முதலில் யார் கை படுவது?

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், சுவா சூ காங்கில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்து விளையாட்டுத் திடலில் நடந்தது இது. மேலே உள்ள கம்பிகளில் கைமாற்றித் தொங்கிப் போய்க்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் பிடி நழுவி, தலை ஒரு பக்கமாக மடிய விழுந்தான். அவன் அழத் தொடங்குவதற்குள் மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். இன்னொருவர் தண்ணீர் போத்தலை வாயில் வைத்தார். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்த பையனின் பாட்டி, கைப்பையில் எப்போதும் இருக்கும் கோடாலித் தைலத்தைத் திறந்துகொண்டே வந்து, கழுத்தைப் பிடித்து உருவத் தொடங்கினார்.

எல்லாம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அந்தக் கழுத்து, விழுந்தபோது அசைந்ததைவிட அதிகமாக அசைந்திருக்கும்.

பையன் ‘கழுத்து வலிக்குது’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் மின்தூக்கியில் அவன் அப்பாவைப் பார்த்தேன். பையனுக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான். ஆனாலும் அவருக்கு மனக்குறை. “அண்ணே, அத்தனை மணி நேரம் உட்கார வச்சு, ஏதேதோ கேட்டாங்க, தொட்டுப் பார்த்தாங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. சிடி ஸ்கேன் எடுக்கவே இல்லை. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா யார் பொறுப்பு?”

பாட்டியின் தைலமும் அப்பாவின் குறையும் எதிரெதிர்த் திசை போலத் தெரியும். எனக்கென்னவோ இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை என்று தோன்றியது. அடிபட்ட கழுத்தை அறிய வலுவான கை வேண்டும் அல்லது பெரிய இயந்திரம் வேண்டும் என்பதே அந்த எண்ணம். ஆனால் பிள்ளைகளின் கழுத்துக் காயத்தைப் பற்றிக் கடந்த கால் நூற்றாண்டில் மருத்துவம் கற்றுக்கொண்டது வேறு. முதலில் கண், பிறகு கேள்வி, பிறகு விரல் நுனி, கடைசியாகத்தான் இயந்திரம். இயந்திரம் வேண்டுமா என்பதையும் முதல் மூன்றே முடிவு செய்கின்றன.

இதற்கு நம் கையில் இப்போது நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் சிறுவர் அவசர மருத்துவத்துக்கான ‘பெக்கார்ன்’ என்ற ஆய்வுக் கூட்டமைப்பு, 18 மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், அடிபட்டு வந்த 22,430 பிள்ளைகளைக் கவனித்து, முடிவுகளை 2024ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியிட்டது. கைக்குழந்தை முதல் 17 வயது வரை. அவர்களில் கழுத்து எலும்பிலோ தண்டுவடத்திலோ தசைநாரிலோ உண்மையில் காயம் இருந்தது 433 பேருக்கு. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

இந்தச் சிறிய எண்ணில்தான் சிக்கலே இருக்கிறது. அரிதானது என்று விட்டுவிட முடியாது. தண்டுவடம் நசுங்கிவிட்டால் கை கால் செயலிழக்கும், மூச்சே நின்றும் போகலாம். அரிதானதைக் கண்டுபிடிக்கிறேன் என்று நூறு பிள்ளைகளையும் ஸ்கேனில் படுக்க வைத்தால், 98 பேருக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு. கழுத்தின் முன்புறம் தைராய்டு சுரப்பி இருக்கிறது. பிள்ளைகளின் தைராய்டு கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிப்படையக்கூடியது. அதன் விளைவு தெரிய வருவதோ பல ஆண்டுகள் கழித்து. மின்தூக்கியில் அந்த அப்பா கேட்ட ‘நாளைக்கு’, ஸ்கேன் எடுக்காததற்கு மட்டுமல்ல, எடுத்ததற்கும் பொருந்தும்.

பெரியவர்களுக்கு இந்தக் கேள்விக்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே ஓரளவு விடை கிடைத்துவிட்டது. 2000ல் வெளியான ‘நெக்சஸ்’ என்ற அமெரிக்க ஆய்வு 34,069 பேரைப் பார்த்து ஐந்து கேள்விகளைத் தந்தது. நடுக்கழுத்தில் தொட்டால் வலிக்கிறதா, போதையில் இருக்கிறாரா, தெளிவாக இருக்கிறாரா, நரம்புக் குறைபாடு உண்டா, கவனத்தைத் திருப்பும் அளவுக்கு வேறு இடத்தில் பெரிய வலி உண்டா. ஐந்துக்கும் ‘பிரச்சினை இல்லை’ என்று பதில் வந்தால் படம் வேண்டாம். 2001ல் கனடாவும் ஒரு விதியைக் கொண்டு வந்தது. அது 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் சங்கடம். நெக்சஸ் ஆய்வில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 3,065 பேர் இருந்தாலும், கழுத்துக் காயம் இருந்தது 30 பேருக்குத்தான். அந்த 30 பேரில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்கள் நால்வர், இரண்டு வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு குழந்தைகூட இல்லாத கணக்கை வைத்துக் குழந்தைக்கு விதி எழுத முடியுமா? அதனால்தான் பல இடங்களில் மருத்துவர்கள் பெரியவர்களின் விதியைக் கடன் வாங்கிக்கொண்டும், சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுத்துக்கொண்டும் காலம் தள்ள வேண்டியிருந்தது.

பெரியவரைச் சின்னதாக்கினால் பிள்ளை ஆகிவிடாது. பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. பெரியவர்களுக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். மெல்லிய தண்டில் பெரிய பூ மாதிரி. கழுத்துத் தசைக்கு வலு இல்லை, எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் தளர்வாக இருக்கின்றன. கார் மோதி தலை முன்னால் எறியப்படும்போது பெரியவர்களுக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் மடிப்பு விழும். சின்னப் பிள்ளைக்கு மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டாவது மூன்றாவது எலும்பு அருகில் விழும். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கழுத்தின் மேற்பகுதியில் காயம் அதிகம் வருவது இதனால்தான். மூச்சுக்கான நரம்புக் கட்டளைகள் போவதும் அந்த வழியாகவே. கைக்குழந்தையின் கார் இருக்கையைப் பின்னோக்கிப் பொருத்தச் சொல்வதற்கும் இதுவே காரணம். மோதலின்போது தலையை இருக்கையின் முதுகு தாங்கிக்கொள்ளும், கழுத்து தனியாகத் தாங்க வேண்டியதில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருக்கும், ஆனால் பிள்ளைக்குக் கை வராது. எலும்பும் தசைநாரும் வளைந்து கொடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், உள்ளே இருக்கும் தண்டுவடம் இழுபட்டுக் காயப்பட்டிருக்கும். 1982ல் பாங், வில்பெர்கர் என்ற இரு மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள். இன்று எம்ஆர்ஐ பல நேரங்களில் அந்தக் காயத்தைக் காட்டிவிடுகிறது. பெற்றோருக்கு இதில் முக்கியமான ஒன்று உண்டு. விழுந்த கணத்தில் ‘கையில் கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு’, ‘கால் கொஞ்ச நேரம் வரலை’ என்று பிள்ளை சொல்லி, பிறகு சரியாகிப் போயிருக்கலாம். சில மணி நேரம் அல்லது சில நாள் கழித்து அது திரும்ப வந்ததும் உண்டு. ‘இப்போதான் நல்லா இருக்கானே’ என்று நாம் மருத்துவரிடம் சொல்லாமல் விடும் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

மேலே சொன்ன பெக்கார்ன் ஆய்வு, பிள்ளைகளுக்கென்றே ஒன்பது அறிகுறிகளைப் பிரித்தெடுத்தது. அவற்றில் நான்கு மிக ஆபத்தானவை. நினைவு நிலை மதிப்பெண் 8 அல்லது அதற்கும் கீழே போயிருப்பது, எதற்கும் அசையாமல் கிடப்பது, மூச்சு அல்லது ரத்த ஓட்டத்தில் கோளாறு, மரத்துப்போதல், கூச்சம், பலவீனம் போன்ற நரம்புக் குறைபாடு. இவற்றில் ஒன்று இருந்தாலே காயத்துக்கான வாய்ப்பு நூற்றில் பன்னிரண்டு அளவுக்கு ஏறிவிடுகிறது. அவர்களுக்கு நேராக சிடி ஸ்கேன். மற்ற ஐந்து, கழுத்து வலிப்பதாகப் பிள்ளையே சொல்வது, நடுக்கழுத்தைத் தொட்டால் வலிப்பது, மந்தமாகவோ குழப்பமாகவோ இருப்பது, தலையில் பெரிய காயம், நெஞ்சு வயிறு பகுதியில் பெரிய காயம். இவர்களுக்கு முதலில் எக்ஸ்ரே போதும். ஒன்பதில் ஒன்றுகூட இல்லையா, படமே பெரும்பாலும் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் காயம் இருக்கக்கூடும் என்கிறது கணக்கு.

இந்த வரிசையைப் பின்பற்றியிருந்தால் அந்த 22,430 பேரில் சிடி எடுக்கப்பட்டவர்கள் 17.2 விழுக்காட்டிலிருந்து 6.9 விழுக்காடாகக் குறைந்திருப்பார்கள். பாதிக்கும் மேல் குறைவு. ஆனாலும் இதை மந்திரக்கோல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காயம் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 94 பேரை விதி பிடித்தது, ஐந்தாறு பேர் நழுவுகிறார்கள். ஆய்வு நடந்த இடம் அமெரிக்கா. நம் மருத்துவமனைகளுக்கென்று நடைமுறைகள் இருக்கும், மருத்துவரின் அனுபவமும் சேரும். ஆனால் கேட்கும் கேள்விகளின் சாரம் எங்கும் இதுதான். நம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்ததும் இதே வரிசை. கழுத்து வலிப்பதாகச் சொன்னான், எக்ஸ்ரே எடுத்தார்கள், தலையைத் தானாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்கள், அனுப்பினார்கள். அவன் அப்பா ‘ஏதேதோ கேட்டாங்க’ என்று தள்ளிவிட்டதுதான் சோதனையே.

இங்கேதான் நம் வீடுகளின் நிலைமை குறுக்கே வருகிறது. பகலில் பிள்ளை விழும்போது பக்கத்தில் இருப்பவர் யார்? பாட்டி, தாத்தா, பணிப்பெண் அல்லது அக்காள். பார்த்தவர் ஒருவர், மருத்துவமனைக்குப் போவது வேலையிலிருந்து ஓடிவந்த இன்னொருவர். மருத்துவர் ஆங்கிலத்தில் ‘எப்படி விழுந்தான், உடனே அழுதானா, மயக்கம் வந்ததா, கை கால் அசைத்தானா’ என்று கேட்டால், பார்க்காதவர் ஊகத்தில் பதில் சொல்கிறார். பார்த்த பாட்டி வீட்டில் பூசையறை முன் உட்கார்ந்திருக்கிறார். பாட்டியையும் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் தொலைபேசியில் பேச வையுங்கள். அவர் தமிழில் சொல்வதை மொழிபெயர்த்தால் போதும், அழகுபடுத்த வேண்டாம். ‘தலை இந்தப் பக்கம் மடிஞ்சுச்சு’ என்று அவர் கையால் காட்டுவதற்கு எந்த மொழியும் தேவையில்லை.

மறைப்பது இன்னொரு பழக்கம். காரில் பிள்ளையை முன் இருக்கையில் மடியில் வைத்திருந்தோம் என்று சொல்ல மனம் வராது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்குச் சிறுவர் இருக்கையோ உயர்த்தும் இருக்கையோ பொருத்த வேண்டும் என்பது சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகை காருக்குக் கிடையாது. மோட்டார்சைக்கிளில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பின்னால் ஏற்றவே கூடாது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் ‘வீட்டுல வழுக்கி விழுந்துட்டான்’ என்று கதை மாறுகிறது. 2024 பட்டியலில் விபத்து நடந்த விதம் இடம்பெறவில்லை என்பது உண்மைதான். அதற்காக மருத்துவர் அதைக் கேட்காமல் விடப்போவதில்லை. இதே குழு 2011ல் செய்த முந்தைய ஆய்வில் வேகமான வாகன மோதலும், தண்ணீரில் தலைகீழாகப் பாய்வதும் ஆபத்துக் காரணிகளாகவே வந்தன. வழுக்கி விழுந்த பிள்ளையை ஒரு கண்ணோடும், 70 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய காரிலிருந்து வந்த பிள்ளையை வேறொரு கண்ணோடும்தான் யாரும் பார்ப்பார்கள். நாம் கதையை மாற்றினால் அவர் பார்வையை மாற்றுகிறோம். பாயும் பிள்ளைகள் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் தலைகீழாகக் குதிக்கும் பதின்ம வயதுப் பையன்களைப் பார்த்து நாம் கைதட்டிச் சிரிக்கிறோம். தலை தரையில் முட்டும் விசை முழுவதும் நேராகக் கழுத்து எலும்பில்தான் இறங்கும்.

இனி அந்த முதல் பத்து நிமிடம். விழுந்த பிள்ளை நினைவோடு இருந்தால், விழுந்த இடத்திலேயே படுத்திருக்க விடுவது நல்லது. முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்திலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பான். 995ஐ அழையுங்கள். அழைப்பை எடுப்பவர் அடுத்து என்ன செய்வது என்று தொலைபேசியிலேயே சொல்லித் தருவார். பிள்ளை அமைதியாக இருந்தால் தலையின் இரு பக்கமும் கையை வைத்து அசையாமல் பிடிக்கலாம். திமிறினால் விட்டுவிடுங்கள், வலுக்கட்டாயமாக அழுத்தினால் கழுத்து இன்னும் அதிகமாகத்தான் முறுகும். குடிக்க எதுவும் வேண்டாம்.

மூச்சு இல்லை என்றால் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாம் பட்சம், மூச்சுக்குத்தான் முதலிடம். வாந்தி எடுத்தால் தலையும் உடலும் ஒரே கட்டையாக, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் உருட்ட வேண்டும். சாலை நடுவில் கிடந்தால் நகர்த்தத்தான் வேண்டும்.

கழுத்துப்பட்டையைப் பற்றிப் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. ஆம்புலன்சில் பட்டை போடவில்லை என்று ஒரு தாயார் வருத்தப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். உயிர்காப்பு வழிகாட்டி நெறிகளை வகுக்கும் அனைத்துலகக் குழு 2015லேயே, முதலுதவி செய்பவர்கள் கழுத்துப்பட்டை மாட்டுவதற்கு எதிராகத்தான் கருத்துச் சொன்னது. அளவு பொருந்தாத பட்டையைப் பயந்து அழும் பிள்ளைக்கு மாட்டுவது நல்லதைவிடக் கெடுதலை அதிகம் செய்யக்கூடும். தட்டையான பலகையிலும் ஒரு பிரச்சினை உண்டு. சின்னப் பிள்ளையின் பின்மண்டை பெரியது. தட்டையாகப் படுக்க வைத்தால் தலை முன்னால் தள்ளப்பட்டு, தாடை நெஞ்சை நோக்கிப் போய், கழுத்து மடியும். 1989ல் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இதைப் படமெடுத்தே காட்டினார்கள். அதனால்தான் துணை மருத்துவர்கள் தோளுக்கும் முதுகுக்கும் அடியில் துணியை மடித்து வைப்பார்கள். தலையணையைத் தலைக்கு அடியில் வைக்கும் நம் வழக்கத்துக்கு நேர்மாறு.

பாட்டியின் தைலத்துக்கு வருகிறேன். தைலம் கெட்டது என்று சொல்லவில்லை, என் முழங்காலுக்கு அதுதான் துணை. ஆனால் விழுந்த பிறகு பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடி நிற்கிறது, நேராக்க முடியவில்லை என்றால் அதைச் ‘சுளுக்கு’ என்று பெயர் வைத்து வழிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு மேலிருந்து முதல் இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று திரும்பி அப்படியே சிக்கிக்கொள்வதுண்டு. சின்ன அடியிலும் வரும், தொண்டைத் தொற்றுக்குப் பின்னும் வரும். முன் சொன்ன 2011 ஆய்விலும் கோணிய கழுத்து ஓர் ஆபத்து அறிகுறி. அதைச் ‘சடக்’ என்று திருப்பி எடுக்கத் தெரிந்தவர்கள் ஊரிலும் இருக்கிறார்கள், இங்கும் இருக்கிறார்கள். அந்தச் சத்தத்தை நம்பிப் பிள்ளையை ஒப்படைப்பது சூதாட்டம். டௌன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு அந்த இரண்டு எலும்புகளின் பிணைப்பே தளர்வாக இருக்கக்கூடும் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கைக்குழந்தை அழுகிறது என்று தோளைப் பிடித்துக் குலுக்குவதும் கழுத்துக்கு ஆபத்துதான். அதை விளையாட்டாகக்கூடச் செய்ய வேண்டாம்.

எங்கே போவது? சுவா சூ காங்வாசிகள் அடிக்கடி கேட்பது இது. பொது மருத்துவமனைகளில் 24 மணி நேரச் சிறுவர் அவசர சிகிச்சைக்குப் பெயர்பெற்றவை இரண்டு. கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்று. தேக்காவுக்குப் பக்கத்தில், புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை மற்றொன்று. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டில். நம் முன்னோர் மாடு வைத்துப் பிழைத்த இடத்தின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை, 1966ல் ஓராண்டில் 39,835 பிரசவம் பார்த்து உலகச் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. இதைப் படிப்பவர்களில் பலர் அங்கே பிறந்தவர்களாக இருப்பீர்கள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டௌன்டவுன் ரயில் பாதையில் நேராக லிட்டில் இந்தியாவில் இறங்கலாம் என்பதும் உண்மை. ஆனால் கழுத்தில் அடிபட்ட பிள்ளையை ரயிலிலோ, வந்த டாக்சியில் மடியில் போட்டோ கொண்டுபோகக் கூடாது. 995 அழைத்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதைப் பிள்ளையின் நிலையைப் பார்த்து ஆம்புலன்சில் வருபவர்கள் முடிவு செய்வார்கள்.

விடுமுறைக்குத் தமிழகம் போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே 1.35 மீட்டர் அளந்து பார்ப்பவர்கள், அங்கே இறங்கியதும் மாமாவின் பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். இந்தியாவில் நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் விதி அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்தது. தெருவில் அதை எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்பது ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும். விபத்து என்றால் அங்கே அழைக்க வேண்டியது 108. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. செலவை நினைத்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த அப்பாவிடம் இதையெல்லாம் மின்தூக்கி பன்னிரண்டாம் மாடி போவதற்குள் சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது ஏதாவது தாள் கொடுத்தார்களா? கொடுத்திருந்தார்கள். கை கால் மரத்துப் போனால், நடை தடுமாறினால், வலி கூடினால், கழுத்து சாய்ந்து நின்றால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் உடனே திரும்பி வரச் சொல்லியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அது காரிலேயே கிடந்தது. அன்று மாலை அதை எடுத்துவரச் சொல்லி, கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பாட்டிக்குத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னோம். பகல் முழுவதும் பையனோடு இருக்கப்போவது அவர்தானே. கடைசி வரை கேட்டுவிட்டு, “அப்ப தைலம் தேய்க்கவே கூடாதா தம்பி?” என்றார். டாக்டர் மறுபடி பார்த்துச் சொல்கிற வரை கழுத்தில் வேண்டாம் பாட்டி என்றேன். தாளை மடித்துத் தைலப் புட்டியோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.